பூச்சி மருந்து சிதைந்த பிறகு என்னவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மருந்து அடிச்சு பத்து நாள் ஆச்சு, வீரியம் போயிருக்கும்" என்பது வயலிலும் சந்தையிலும் தினமும் காதில் விழுகிற பேச்சு. பூச்சியைக் கொல்லும் வீரியம் போயிருக்கலாம், அதோடு நஞ்சும் போய்விட்டதா என்பது வேறு கேள்வி. அடித்த மருந்து இன்னொன்றாக மாறியிருந்தால், அந்த இன்னொன்று என்ன, எவ்வளவு நாள் இருக்கும், யாரைத் தாக்கும் என்று பார்த்தாக வேண்டும். விவசாயிகள், வேளாண் மாணவர்கள், கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் குடும்பங்கள் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

சிதைவுப் பொருள் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தெளித்த மருந்தின் மூலக்கூறு வெயில், தண்ணீர், காற்று, மண்ணின் நுண்ணுயிர்கள், செடியின் நொதிகள் ஆகியவற்றால் உடைந்தோ உருமாறியோ உண்டாகும் புதிய சேர்மத்தைத்தான். அடித்ததைத் தாய் மருந்து என்றும், அதிலிருந்து வந்ததைச் சிதைவுப் பொருள் என்றும் இந்தப் பக்கத்தில் குறிப்பிடுகிறோம்.

முழுக்கச் சிதைந்தால் கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீரும் சில உப்புகளும்தான் மிஞ்ச வேண்டும். ஆனால் அந்தக் கடைசி ஊருக்குப் போகும் வழியில் பல நிறுத்தங்கள் உண்டு. சில மருந்துகள் எல்லாவற்றையும் சில நாளில் கடந்துவிடும். சில, முதல் நிறுத்தத்திலேயே இறங்கி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்துவிடும்.

அரை ஆயுள் 10 நாள் என்றால் 20 நாளில் எல்லாம் போய்விடுமா?

போகாது. 10 நாளில் பாதி, 20 நாளில் கால், 30 நாளில் அரைக்கால் என்று மிஞ்சிக்கொண்டே வரும். 1 சதவீதத்துக்குக் கீழே இறங்க ஏழு அரை ஆயுள் வேண்டும், அதாவது 70 நாள்.

இது தாய் மருந்தின் கணக்கு மட்டும். தாய் மருந்தின் அரை ஆயுள் 10 நாள், அது முழுக்க ஒரே சிதைவுப் பொருளாக மாறுகிறது, அந்தப் பொருளின் அரை ஆயுள் 100 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 37-ஆம் நாள் தாய் மருந்து சுமார் 8 சதவீதம்தான் இருக்கும். அதே நாளில்தான் சிதைவுப் பொருள் உச்சத்தைத் தொடும்: மூலக்கூறு எண்ணிக்கையில் சுமார் 77 சதவீதம். 100-ஆம் நாள் தாய் மருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு, சிதைவுப் பொருளோ 55 சதவீதம். 200-ஆம் நாளிலும் 28 சதவீதம் மிச்சம். தாய் மருந்தை மட்டும் தேடும் ஆய்வகம் 100-ஆம் நாளில் "கண்டறியப்படவில்லை" என்று எழுதிக் கொடுக்கும். அந்த அறிக்கையில் பொய் ஏதும் இல்லை. கேட்ட கேள்விதான் பாதி.

சிதைந்தால் நஞ்சு குறையும்தானே? கூடுமா என்ன?

பெரும்பாலும் குறையும். மாலத்தியான் மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்களும் தண்ணீரும் அதை வேகமாக அமிலங்களாக உடைத்துவிடும். அவை நரம்பைத் தாக்குவதில்லை. கார்பரில், சைபர்மெத்ரின் போன்றவற்றின் துண்டுகளும் தாயைவிடப் பூச்சிக்கொல்லித் தன்மை குறைந்தவையே. ஆகவே எல்லாச் சிதைவுப் பொருளையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டிய சிலவற்றைப் பெயர் சொல்லித் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். நம் வயல்களோடு நேரடித் தொடர்புள்ளவற்றைக் கீழே வரிசையாகப் பார்ப்போம்.

அசிபேட் "கொஞ்சம் சாந்தமான மருந்து" என்கிறார்களே?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அசிபேட் அவ்வளவு அதிகமாகப் புழங்கும் மருந்து.

எலிகளுக்கு வாய்வழி கொடுத்து, பாதி எலிகள் சாகும் அளவைக் கிலோ உடல் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். எண் சிறிதானால் நஞ்சு கடுமை. அசிபேட்டுக்கு அது சுமார் 945. அசிபேட்டிலிருந்து ஒரு சிறு துண்டு, அசிட்டைல் தொகுதி, கழன்று விழுந்தால் கிடைப்பது மெத்தமிடோபாஸ். அதன் எண் சுமார் 30. அதாவது முப்பது மடங்கு கடுமை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அசிபேட் மிதமான அபாயம் கொண்ட இரண்டாம் வகை, மெத்தமிடோபாஸ் அதிக அபாயம் கொண்ட ஒன்று-பி வகை. பூச்சியின் உடலுக்குள் இந்த மாற்றம் நடப்பதால்தான் அசிபேட் பூச்சியைக் கொல்கிறது. செடிக்குள்ளும் மண்ணிலும் ஒரு பகுதி இதே மாற்றம் நடக்கிறது.

அசிபேட் ஊடுருவிப் பாயும் மருந்து. இலையின் மேல் படிந்து நிற்பதில்லை, சாறோடு கலந்துவிடும். எனவே காயைக் கழுவினால் உள்ளே உருவான மெத்தமிடோபாஸ் போகாது. பாட்டில் சீட்டில் போட்டிருக்கும் அறுவடைக்கு முந்தைய காத்திருப்பு நாட்களைக் கடைப்பிடிப்பது ஒன்றே வழி. வெண்டை, கத்தரி போல இரண்டு நாளுக்கொரு முறை பறிக்கும் காய்களில் அந்தக் காத்திருப்பு நடைமுறையில் சாத்தியமே இல்லை. அப்படிப்பட்ட பயிரில் இதை அடிக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

பஞ்சாப் அரசு 2022-ல் பாஸ்மதி நெல்லுக்குப் பத்து மருந்துகளை 60 நாள் தடை செய்தபோது அந்தப் பட்டியலில் அசிபேட், மெத்தமிடோபாஸ் இரண்டும் இருந்தன. ஏற்றுமதி அரிசியில் ஒன்று இருந்தால் மற்றதும் இருக்க வாய்ப்புண்டு. தமிழ்நாட்டில் அதே காலத்தில் அசிபேட், மோனோகுரோட்டோபாஸ், புரபெனோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை வந்தது. அதன் காரணம் வேறு: தற்கொலைகளைத் தடுப்பது.

இதே போல் நஞ்சு கூடும் வேறு மருந்துகள் எவை?

டைமெத்தோயேட் (எண் சுமார் 150) ஆக்சிஜன் ஏறி ஓமெத்தோயேட் (சுமார் 50) ஆகிறது. கார்போசல்பான் (சுமார் 250) உடைந்து கார்போபியூரான் (சுமார் 8) ஆகிறது. கார்போபியூரான் செடிக்குள் மேலும் மாறி 3-ஹைட்ராக்சி கார்போபியூரான் ஆகும். அதுவும் நரம்பு நஞ்சுதான். குளோர்பைரிபாஸ் போன்ற கந்தகம் ஏறிய பாஸ்பரஸ் மருந்துகள் கந்தகத்தை விட்டு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டால் "ஆக்சான்" என்ற வடிவம் வரும். உடலில் நரம்பு நொதியை முடக்குவது உண்மையில் இந்த ஆக்சான்தான்.

வாழையிலும் ஏலக்காயிலும் பல்லாண்டு போட்ட ஃபோரேட் குருணையின் கதையும் இதுவே. மண்ணில் ஃபோரேட் சில நாள் முதல் சில வாரத்துக்குள் குறைந்துவிடும். ஆனால் அது முதலில் சல்பாக்சைடு, பிறகு சல்போன் என்று மாறி, அவை மாதக்கணக்கில் நிற்கும். குருணை போட்ட கட்டையில் வெகு நாள் கழித்தும் பூச்சி வராமல் இருந்ததற்கு இந்தச் சேய்களே பெருங்காரணம். அதனால்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பில் ஃபோரேட் என்றால் அதன் ஆக்சிஜன் வடிவம், சல்பாக்சைடுகள், சல்போன்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்கிறார்கள். இந்தியாவில் ஃபோரேட் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு முற்றிலும் தடை.

இமிடாகுளோப்ரிட் மனிதருக்குப் பாதுகாப்பானது என்பது உண்மையா?

பூச்சியின் நரம்போடு ஒட்டும் அளவுக்குப் பாலூட்டிகளின் நரம்போடு அது ஒட்டுவதில்லை. அந்தப் பாகுபாட்டுக்குக் காரணம் மூலக்கூறிலுள்ள நைட்ரோ தொகுதி. அது கழன்றால் வரும் டெஸ்நைட்ரோ வடிவம் தலைகீழாக நடந்துகொள்கிறது: பூச்சிக்குச் சாந்தம், பாலூட்டியின் நரம்பு ஏற்பிகளோடு இறுக்கமான பிடிப்பு. இன்னொரு வழியில் மாறினால் வரும் ஓலிஃபின் வடிவம் தேனீக்களுக்குத் தாயைவிடக் கடுமை. ஒரே தாய்க்கு, எதிரெதிர் குணத்தில் இரண்டு பிள்ளைகள்.

எண்டோசல்ஃபான் தடையாகி இத்தனை ஆண்டாகியும் ஏன் பேசுகிறோம்?

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் 1970-களின் இறுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்த மருந்து அது. உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று நாடு முழுவதும் இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை எண்டோசல்ஃபானைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலின் வாசகத்தைக் கவனியுங்கள்: எண்டோசல்ஃபானும் அதன் மாற்றியங்களும் (அதே அணுக்கள் வேறு அமைப்பில் உள்ள வடிவங்கள்) இருக்கின்றன, எண்டோசல்ஃபான் சல்பேட்டின் பெயர் இல்லை. அந்தச் சிதைவுப் பொருளையும் சேர்க்க வேண்டும் என்று உடன்படிக்கையின் நிபுணர் குழு பரிந்துரைத்திருந்தது.

மண்ணில் நுண்ணுயிர்கள் எண்டோசல்ஃபானுக்கு ஆக்சிஜன் ஏற்றி சல்பேட் ஆக்குகின்றன. நச்சுத்தன்மை ஏறத்தாழ தாய்க்குச் சமம், ஆயுள் தாயைவிட நீளம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீட்டில் தாயும் சல்பேட்டும் சேர்ந்த அரை ஆயுள் சுமார் 9 மாதம் முதல் 6 ஆண்டு வரை. காரத்தன்மை உள்ள தண்ணீரில் இன்னொரு பாதையும் உண்டு: எண்டோசல்ஃபான் டையால். அது நஞ்சு மிகக் குறைந்தது. ஒரே மருந்து எந்தப் பாதையில் போகிறது என்பதை மண்ணும் தண்ணீரும்தான் முடிவு செய்கின்றன.

டிடிடி-யும் (DDT) டிடிஇ-யும் (DDE) வேறு வேறா?

டிடிடி ஒரு ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் இழந்தால் டிடிஇ. காற்றோட்டமுள்ள மேட்டு மண்ணில் இது உண்டாகும். நெல் வயல் போலத் தண்ணீர் கட்டிய மண்ணிலும் ஏரிச் சேற்றிலும் வேறு வழியில் டிடிடி-யின் இன்னொரு சேயான DDD, அதாவது ஒரு குளோரின் போய் அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்த வடிவம், உண்டாகும்.

டிடிஇ பூச்சியைக் கொல்லாது. ஆனால் கொழுப்பில் தங்கி உணவுச் சங்கிலியில் மேலேறி, பறவைகளின் முட்டை ஓட்டில் சுண்ணாம்பு சேர்வதைத் தடுக்கும். அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கும். பருந்து, கழுகு, கூழைக்கடா இனங்கள் இதில் பலியானவை. கோழிக்கு இது நேர்வதில்லை, எனவே கோழியை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இந்தக் கேடு தெரியாமலே போயிருக்கும். அமெரிக்காவில் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களில் 1963-ல் வெண்தலைக் கழுகு 417 இணைகள்தான் கூடு கட்டின. 1972-ல் டிடிடி தடையான பின் மெல்ல மீண்டு, 2007-ல்தான் அழிவு அபாயப் பட்டியலிலிருந்து அந்தப் பறவை விடுபட்டது.

இந்தியாவில் வேளாண்மைக்கு 1989-ல் தடை, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க மட்டும் அதன் பிறகும் அனுமதி. ஒரு மண்ணில் டிடிடி பழையதா புதியதா என்று அறிய ஒரு வழி: டிடிடி-யின் அளவைச் சிதைவுப் பொருட்களின் மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 1-க்கு மேல் என்றால் அண்மையில் யாரோ பயன்படுத்தியிருக்கலாம்.

மேன்கோசெப் பூஞ்சாணக்கொல்லி சமையலில் மாறுமா?

மாறும். தக்காளி, உருளை, திராட்சை, நிலக்கடலை எல்லாவற்றிலும் அடிக்கிற மருந்து இது. இலையிலும் காயின் தோலிலும் பொடியாகப் படிந்து நிற்கும். சூடு பட்டால் எத்திலீன்தயோயூரியா என்ற பொருள் உருவாகிறது. அது தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மேன்கோசெப் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது.

சமையலறையில் செய்ய வேண்டியது எளிது. தக்காளியின் காம்புக் குழியில் மஞ்சள் கலந்த வெண்பொடி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்து அங்கேதான் அதிகம் தேங்கும். ஓடுகிற தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவி, காம்புப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அதன் பிறகே அடுப்பில் வையுங்கள். கழுவாமல் வெந்நீரில் போட்டுத் தோலுரிப்பது தலைகீழான வேலை. அப்படிப் போட்டுவிட்டால் அந்தத் தண்ணீரைக் குழம்பில் சேர்க்காதீர்கள், எத்திலீன்தயோயூரியா தண்ணீரில் நன்றாகக் கரையும்.

ஆய்வகத்தில் மேன்கோசெப்பை கார்பன் டைசல்பைடாக மாற்றி அளப்பார்கள். அந்த முறையில் எத்திலீன்தயோயூரியா தெரியாது. தனியாகக் கேட்க வேண்டும்.

கார்பெண்டாசிம் அடிக்கவே இல்லை, அறிக்கையில் வந்திருக்கிறது. ஆய்வகம் தவறா?

பெரும்பாலும் தவறில்லை. தயோபனேட் மெத்தில் அடித்தீர்களா என்று யோசியுங்கள். அது செடியிலும் மண்ணிலும் கார்பெண்டாசிம் ஆகிறது. பெனோமிலும் அப்படியே. அதே போல் தயாமெத்தாக்சம் அடித்தால் குளோத்தியானிடின் வரும்.

எடைக் கணக்கு போடும்போது மூலக்கூறு எடையைக் கணக்கில் எடுக்க வேண்டும். தயோபனேட் மெத்தில் 342, கார்பெண்டாசிம் 191. கிலோவுக்கு 0.10 மி.கி. கார்பெண்டாசிம் வந்திருந்தால் அது 0.18 மி.கி. தயோபனேட் மெத்திலுக்குச் சமம். ஏற்றுமதிச் சரக்குக்குப் போகும் நாட்டின் வரம்பு எந்தப் பெயரில், எதைக் கூட்டி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படித்த பிறகு மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

கிளைபோசேட் களைக்கொல்லி என்னவாகிறது?

அதன் முக்கியச் சேய் ஆம்பா, அதாவது அமினோமெத்தில் பாஸ்போனிக் அமிலம். மண்ணில் தாயைவிட நீண்ட நாள் இருக்கும். நச்சுத்தன்மை தாயைவிட அதிகமில்லை என்பது சர்வதேச நிபுணர் குழுக்களின் மதிப்பீடு. சலவைத்தூளில் உள்ள பாஸ்போனேட்டிலிருந்தும் ஆம்பா வரும் என்பதால், ஆற்றில் ஆம்பா இருந்தால் எல்லாம் களைக்கொல்லியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

போர் தண்ணீரில் மருந்து கலந்தால் டேங்கிலேயே சிதையுமா?

சில மருந்துகள் சிதையும். நம் ஊர்களில் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பி.எச். 8 முதல் 8.5 வரை சாதாரணம். காப்டான் பி.எச். 7-ல் சில மணி நேரம் தாங்கும், 9-ல் சில நிமிடம்தான். கார்பரில் பி.எச். 7-ல் பத்துப் பன்னிரண்டு நாள் அரை ஆயுள், 9-ல் சுமார் மூன்று மணி நேரம். காலையில் கலந்து வைத்து மாலையில் அடித்தால், பாதி மருந்து டேங்குக்குள்ளேயே போய்விட்டது. பூச்சி சாகவில்லை என்று அளவைக் கூட்டுவதும், அடுத்த வாரமே மறுபடி அடிப்பதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பி.எச். தாள் வாங்கித் தண்ணீரைப் பாருங்கள். 7.5-க்கு மேல் என்றால், மருந்துச் சீட்டு தடை சொல்லாத பட்சத்தில், 100 லிட்டருக்குச் சில கிராம் சிட்ரிக் அமிலம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ஒவ்வொரு முறையும் தாளில் பார்த்து 6 முதல் 6.5-க்குக் கொண்டு வாருங்கள். மருந்தை அதன் பிறகே ஊற்ற வேண்டும். தாமிரம் கலந்த பூஞ்சாணக்கொல்லிகளுக்கு இப்படி அமிலம் சேர்க்கக் கூடாது, தாமிரம் அதிகம் கரைந்து இலை கருகும்.

பழைய மருந்து டப்பாவுக்குள்ளேயே மாறுமா?

மாறும், அதனால் உயிர்களும் போயிருக்கின்றன. பாகிஸ்தானில் 1976-ல் மலேரியா ஒழிப்புக்கு மாலத்தியான் தெளித்த 7,500 தொழிலாளர்களில் சுமார் 2,800 பேர் நஞ்சேறி நோயுற்றார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். மாலத்தியான் பொடிக்குள் ஐசோமாலத்தியான் என்ற பொருள் சேர்ந்திருந்ததே காரணம். மாலத்தியானை உடலில் பாதுகாப்பாக உடைக்கும் நொதியை அது முடக்கிவிடும். அந்த நொதி முடங்கினால் சாந்தமான மருந்தே ஆளைக் கொல்லும். சூட்டில் வைத்த சரக்கில் ஐசோமாலத்தியான் கூடும்.

எனவே மருந்தைத் தகரக் கொட்டகையிலும் மோட்டார் அறையிலும் வைக்காதீர்கள். காலாவதித் தேதி தாண்டியதை "கொஞ்சம் வீரியம் குறைஞ்சிருக்கும், ரெண்டு மூடி சேர்த்து ஊத்திக்கலாம்" என்று நினைப்பது ஆபத்து.

சிதைவுப் பொருள் கிணற்றுக்குப் போகுமா?

தாய் மருந்தைவிட எளிதாகப் போகும். உடைந்த துண்டுகள் பெரும்பாலும் சிறியவை, தண்ணீரில் நன்கு கரைபவை, மண்ணின் கரிமப் பொருளோடு ஒட்டாதவை.

ஒரு கைக்கணக்கு இருக்கிறது. மண்ணில் அரை ஆயுள் எத்தனை நாளோ, அதன் மடக்கையை (10 அடிமான log) எடுங்கள். மண்ணின் கரிமத்தோடு ஒட்டும் திறனைக் குறிக்கும் கே.ஓ.சி. எண்ணின் மடக்கையை 4-லிருந்து கழியுங்கள். இரண்டையும் பெருக்குங்கள். விடை 2.8-க்கு மேல் என்றால் நிலத்தடி நீருக்கு இறங்கும், 1.8-க்குக் கீழ் என்றால் இறங்காது, நடுவில் இருந்தால் மண்ணைப் பொறுத்தது. அரை ஆயுள் 10 நாள், கே.ஓ.சி. 1,000 உள்ள தாய் மருந்துக்கு விடை 1. அதன் சேய்க்கு 60 நாள், கே.ஓ.சி. 30 என்றால் விடை 4.5. தாயைப் பார்த்து அனுமதி கொடுத்தால் சேய் கிணற்றில் இருக்கும்.

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1979-ல் உருளைக்கிழங்கு வயல்களை ஒட்டிய கிணறுகளில் ஆல்டிகார்ப் எச்சம் தெரிய வந்தது. அங்கே இருந்தவை முக்கியமாக அதன் சல்பாக்சைடும் சல்போனும். மணல் மண், குளிர்ந்த அமிலத் தன்மையுள்ள நிலத்தடி நீர், சிதைய வழியில்லை. ஜெர்மனி 1991-ல் அட்ரசினைத் தடை செய்தது. பல ஆண்டு கழித்தும் அதன் சேயான டெசெத்தில் அட்ரசின் நிலத்தடி நீரில் கிடைத்துக்கொண்டிருந்தது. மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் அட்ரசின் போடும் நம் செம்மண், மணற்பாங்கான நிலங்களில் குடிநீர்க் கிணற்றைச் சோதிக்கும்போது இந்தச் சேயின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் நஞ்சு முறியுமா?

கிருமி சாகும், நஞ்சு முறியாது. குளோர்பைரிபாஸ் போன்றவை தண்ணீரில் இருந்தால் குளோரின் அவற்றை வேகமாக ஆக்சானாக மாற்றும். ஜெர்மனியில் இன்னொரு பாடம் கிடைத்தது. டோலைல்ஃபுளுவானிட் பூஞ்சாணக்கொல்லியின் சேய், டைமெத்தில்சல்பமைடு, தன்னளவில் பெரிய கேடில்லாதது. ஆனால் குடிநீர் நிலையத்தில் ஓசோன் செலுத்தியபோது அதிலிருந்து என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் ஊக்கி உருவானது. 2007-ல் திறந்தவெளிப் பயிர்களில் அந்த மருந்தை நிறுத்தினார்கள்.

இதைக் கேட்டுக் குளோரின் போடுவதை நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப்போக்கும் காமாலையும் இன்றே வரும் ஆபத்து. மருந்தைக் கிணற்றிலிருந்து தள்ளி வைப்பதே சரியான வழி: கிணற்று மேடையில் டேங்க் கழுவக் கூடாது, ஊற்றும் குழாயை டேங்க் தண்ணீருக்குள் முங்க விடக் கூடாது. மோட்டார் நின்றால் மருந்துக் கலவை அப்படியே பின்னோக்கி இழுபடும்.

கொதிக்க வைத்தால்?

ஆவியாகாத பொருள் அப்படியே இருக்கும், தண்ணீர் குறைவதால் அடர்த்தி கொஞ்சம் கூடும். கரி வடிகட்டி டிடிஇ போன்ற கொழுப்பில் கரைபவற்றைப் பிடிக்கும், தண்ணீரில் நன்கு கரையும் சேய்களை எளிதில் தவறவிடும். அவற்றுக்கு ஆர்.ஓ. கருவி மேல். ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவு நீரை மறுபடி கிணற்றடியில் விடாதீர்கள்.

இந்தியக் குடிநீர் தரத்தில் சிதைவுப் பொருள் உண்டா?

ஐ.எஸ். 10500, 2012 பதிப்பில் சிலவற்றுக்கு உண்டு. டிடிடி என்ற தலைப்பில் டிடிஇ-யும் சேர்ந்தே லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். எண்டோசல்ஃபானில் இரு மாற்றியங்களும் சல்பேட்டும் 0.4. ஆல்ட்ரினும் அது மாறி வரும் டீல்ட்ரினும் ஒரே வரியில் 0.03. அட்ரசின் 2, ஃபோரேட் 2. ஐரோப்பாவில், ஆல்ட்ரின், டீல்ட்ரின் போன்ற நான்கைத் தவிர, பொருள் எதுவானாலும், கவலைக்குரிய சிதைவுப் பொருள் உட்பட, ஒவ்வொன்றுக்கும் 0.1, மொத்தம் 0.5 என்று ஒரே கோடு. நமக்கும் அப்படியொரு பொதுக் கோடு தேவை. பட்டியலில் பெயர் இல்லாத சேயை யாரும் தேடுவதில்லை.

மண், தண்ணீர் மாதிரி எடுப்பது எப்படி?

உரப் பரிந்துரைக்கு எடுக்கும் முறை இங்கே உதவாது. அங்கே மண்ணை வெயிலில் உலர்த்துவோம். எச்சப் பரிசோதனைக்கு உலர்த்தினால் பாதி பொருள் ஆவியாகவோ வெளிச்சத்தில் மாறவோ செய்யும். ஏக்கருக்கு 10 முதல் 15 இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக, 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கை நீக்கி, அரைக் கிலோ வரும் வரை குறையுங்கள். அலுமினியத் தாளில் சுற்றி அல்லது கண்ணாடி ஜாடியில் போட்டு, ஐஸ் பெட்டியில் அன்றே அனுப்புங்கள். முடியாவிட்டால் உறைநிலையில் வையுங்கள்.

தண்ணீருக்கு 1 லிட்டர் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விட்டு, குழாயில் தேங்கியது வெளியேறிய பிறகு விளிம்பு வரை நிரப்புங்கள். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் லிட்டருக்கு 80 மி.கி. சோடியம் தயோசல்பேட் முதலிலேயே பாட்டிலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே ஆக்சான் உருவாகும். 4 டிகிரி குளிரில் வைத்து, 7 நாளுக்குள் பிரித்தெடுக்கும் வேலை தொடங்க வேண்டும்.

ஆய்வகத்தில் என்ன கேட்பது?

பல மருந்துகளை ஒரே முறையில் பார்க்கும் பரிசோதனையில் எந்தெந்தப் பெயர் அடங்கும் என்று பட்டியலை எழுத்தில் கேளுங்கள். மெத்தமிடோபாஸ், ஓமெத்தோயேட், 3-ஹைட்ராக்சி கார்போபியூரான், ஃபோரேட் சல்பாக்சைடு, சல்போன், எண்டோசல்ஃபான் சல்பேட், டிடிஇ, ஃபிப்ரோனில் சல்போன் ஆகியவை இருக்க வேண்டும். கிளைபோசேட், ஆம்பா, எத்திலீன்தயோயூரியா அந்த முறையில் வராது.

ஒரு நுட்பமான பிழை உண்டு. ஜி.சி. (வாயு நிறப்பிரிகை) கருவியில் மாதிரியைச் செலுத்தும் முனை 250 டிகிரி அளவுக்குச் சூடாக இருக்கும். உள்ளே உள்ள கண்ணாடிக் குழல் அழுக்கேறியிருந்தால் டிடிடி அங்கேயே டிடிஇ ஆகிவிடும். மண்ணில் இல்லாத சேய் கருவிக்குள் பிறக்கும். தூய டிடிடி-யைச் செலுத்திப் பார்த்து, சிதைவு 15 சதவீதத்துக்கு மேல் போனால் குழலை மாற்ற வேண்டும். அன்றைய சிதைவுச் சோதனை எவ்வளவு என்று கேட்டால், நல்ல ஆய்வகம் தயங்காமல் சொல்லும்.

மண்ணில் வேகமாக முழுச் சிதைவு நடக்க என்ன செய்யலாம்?

நுண்ணுயிருக்குச் சோறு போடுங்கள்: தொழு உரம், பசுந்தாள் உரம், ஈரம். 1973-ல் என். சேதுநாதனும் டி. யோஷிடாவும் டயசினான், பாரத்தியான் இரண்டையும் உடைக்கும் ஃபிளேவோபாக்டீரியம் ஒன்றை நெல் வயலிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அப்படிப்பட்ட உயிர்கள் நம் மண்ணிலும் இருக்கும், காய்ந்த வெற்று மண்ணில் அவை வேலை செய்யாது.

டேங்க் கழுவும் இடத்துக்கு சுவீடனில் 1990-களில் பரவிய உயிர்ப்படுகை நல்ல உபாயம். 60 செ.மீ. ஆழக் குழி, அடியில் 10 செ.மீ. களிமண் அடைப்பு, மேலே கன அளவில் வைக்கோல் இரு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, பீட் (சதுப்பு நிலத்தில் அரைகுறையாக மக்கிய தாவரப் பொருள்) ஒரு பங்கு. பீட் இல்லாத இடங்களில் நன்கு மக்கிய மட்கு போடுகிறார்கள். வைக்கோலை அழுகச் செய்யும் வெண்பூஞ்சைகள் மருந்தையும் உடைக்கும். மேலே புல் வளர்த்து ஈரத்தைச் சீராக வையுங்கள், கூரை இட்டு மழை வெள்ளம் புகாமல் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் பூஞ்சை செத்து, படுகை வெறும் நச்சுக் குழியாகும். வைக்கோல் அமுங்கும்போது ஆண்டுக்கொரு முறை புதிதாகச் சேர்க்க வேண்டும்.

கொட்டகையில் பழைய எண்டோசல்ஃபான் டப்பா இருக்கிறது. புதைத்துவிடலாமா?

வேண்டாம். புதைத்தால் சல்பேட்டாகி ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். திறந்த வெளியில் எரித்தால் புகையில் வேறு நச்சுகள் பிறக்கும். மூடியை இறுக்கி, டப்பாவை இன்னொரு பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, சுற்றிலும் மரத்தூளோ உலர்ந்த மண்ணோ நிரப்பி மூடுங்கள். மருந்தின் பெயரையும் தேதியையும் வாளியின் மேல் எழுதி, பிள்ளைகள் கைக்கும் தீவனத்துக்கும் எட்டாத பூட்டிய இடத்தில் வையுங்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பக் கேளுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.